உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பிடி

கல்யாண ஊர்வலத்தில் குதிரை வந்தால் எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நெற்றியில் கட்டிய ஜிகினாப் பட்டையைப் பார்ப்பார்கள், கழுத்து மணியைப் பார்ப்பார்கள், மேலே உட்கார்ந்து பயத்தை மறைக்கச் சிரித்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். மதினி மட்டும் அதன் வயிற்றைக் கேட்பாள். செண்டை மேளம் காதைக் கிழிக்கும், வெடி வெடிக்கும், அவள் பாட்டுக்குக் குதிரையின் வலது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் காதை ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைப்பாள். போகலாம் என்று அர்த்தம்.

மதினி என்றால் என் பெரியப்பா மகனின் மனைவி. எனக்குச் சங்கரன்கோவிலில் பந்தல், சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று ஒரு நாள், கல்யாணங்களுக்கு விடலாம் என்று ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் கட்டினான். வாடகைக்குக் கேட்பவர்களிடம் அதன் பெயர் ராணி என்று சொல்வோம். மதினி அதை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவாள். வேறு எந்தப் பெயருக்கும் அது காதைக்கூட அசைக்காது.

அண்ணன் இருந்தவரை அவன்தான் முன்னால் கயிற்றைப் பிடித்துப் போவான். அவன் போன பிறகு குதிரையை விற்கச் சொல்லாத ஆள் இல்லை. மதினி விற்கவில்லை. ஆனால் புருஷனை இழந்தவள் மாப்பிள்ளைக்கு முன்னால் நடந்து போக முடியுமா? எங்கள் பக்கம் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்வையிலேயே சொல்லி முடித்துவிடுவார்கள். ஆகவே கயிற்றை நான் பிடித்தேன். மதினி குதிரையின் வயிற்றோடு ஒட்டி, அந்தப் பெரிய வெள்ளை உடம்பின் மறைவில் நடந்து வந்தாள். ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டார் ஒரு பக்கம் நின்றால் அவள் மறுபக்கம். வீடியோக்காரனுக்கு அவளுடைய பாதங்கள் மட்டும்தான் கிடைக்கும். சுற்றுப்பட்டியில் பல வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் ஆறு கால் குதிரை ஒன்று இருக்கிறது.

அப்படி ஒட்டி நடந்து நடந்துதான் அவளுடைய காது அந்த இடத்தில் பழகியது.

ராயகிரியில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனார் கை தாராளம். மாப்பிள்ளையைச் சுமந்து வந்த குதிரையும் மாப்பிள்ளை வீட்டு ஆள்தானே, அதை வெறும் வயிறாக அனுப்பினால் நாளைக்குச் சம்பந்தி வீட்டில் பேச்சு வருமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மதினி மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம் வர மாட்டாள். நான் பந்திக்கு டேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் குதிரைக்கு முன்னால் தலைவாழை இலைகளை விரித்து, அண்டாவில் மிஞ்சியிருந்த சோறு, அதன்மேல் வெல்லம், அதற்கும்மேல் பாயசம் என்று படைத்துவிட்டார்கள். 'சம்பந்தி, கூச்சப்படாமச் சாப்பிடணும்' என்று யாரோ கேலி வேறு பேசியிருக்கிறார்கள். குதிரை கூச்சப்படவில்லை.

மறுநாள் காலையில் அது முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டு நின்றது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. மதினி காதை வைத்தாள், மாற்றி வைத்தாள், மறுபடியும் வைத்தாள்.

"சத்தமே இல்லய்யா" என்றாள்.

என்னைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கடையில் ஒரு சேருக்குக் கால் உடைந்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆள் நான். அன்றைக்கு நான் செய்த முதல் காரியம் ஆம்புலன்சுக்குப் போன் போட்டது.

"பேஷண்ட் பேரு?"

"ராணி."

"என்ன வயசு?"

"எட்டு இருக்கும்."

"சின்னப் புள்ளையா? என்ன பண்ணுது?"

"வயித்து வலி. முன்னங்கால வச்சுத் தரையப் பறிக்குது."

"சார், முன்னங்காலா?"

மதினி என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தாள். "கொழுந்தனாரே, நீங்க அந்த வேப்பமரத்தடில போயி உக்காருங்க. ஒங்களையும் ஏட்டியையும் சேத்துப் பாக்க என்னால முடியாது."

உட்கார்ந்தேனா? கோயிலுக்கு ஓடிப்போய்ப் புற்றுமண் வாங்கிவந்து குதிரையின் வயிற்றில் பூசப் போனேன். "அத ஒங்க நெத்தில பூசுங்க" என்றாள் மதினி. "கை நடுக்கமாவது நிக்கும்."

கால்நடை டாக்டர் வந்தார். மூக்கு வழியாகக் குழாயை விட்டார், ஊசி போட்டார். கையைக் கழுவிக்கொண்டே மதினியிடம் பேசினார்.

"மாட்டுக்குத் தொட்டி முன்னால இருக்கும்மா. தின்னத அங்க புளிக்க வச்சு அசைபோட்டுத்தான் உள்ள அனுப்பும். குதிரைக்கு அந்தத் தொட்டி பின்னால, பெருங்குடல் பக்கம். அங்க கண்ணுக்குத் தெரியாத உயிரு கோடிக்கணக்குல குடியிருக்கு. புல்லும் சோளத்தட்டையும் தானாச் செரிக்கக் குதிரையால முடியாது. அதுங்கதான் புளிக்க வச்சு, அதுல வர்ற சத்தக் குதிரைக்குக் குடுக்குதுங்க. நீங்க தீனி போடுறது குதிரைக்குன்னு நெனைக்கீங்க. பாதி அதுங்களுக்குத்தான்."

"நேத்து அதுங்களுக்கு என்ன ஆச்சு டாக்டர்?"

"சோறு மொத்தமா அங்க எறங்கிருச்சு. சோறு திங்கிற கூட்டம் ஒரேயடியாப் பெருகி, உள்ள பூராப் புளிப்பு. அந்தப் புளிப்புல நார் திங்கிற கூட்டம் செத்துக்கிட்டு இருக்கு. அந்த நஞ்சு ரத்தத்துல கலந்து கால் கொளம்புக்கு எறங்கும். நாலு காலையும் ஐஸ்ல வச்சிருங்க. உள்ள இருக்கதுங்க பொழச்சா இது பொழைக்கும்."

ஐசுக்கு மீன் மார்க்கெட்டுக்கு ஓடினேன். "எவ்வளவு மீனுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டான் கடைக்காரன். "நாலு காலுக்கு" என்றேன். அவன் ஐஸ் பெட்டி முழுவதையும் தூக்கித் தந்துவிட்டான். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

என் சமையல் அண்டாக்களை அறுத்து வாளியாக்கி, ஐஸ் நிரப்பி, குதிரையின் கால்களை அதில் நிறுத்தினோம். மதினி வயிற்றிலிருந்து காதை எடுக்கவே இல்லை. கன்னத்தில் குதிரை மயிர் ஒட்டியிருந்தது. ஒரு மத்தியான வேளையில் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தூரத்தில் ஓவர்ஹெட் டாங்கில் தண்ணீர் விழுகிற மாதிரி ஒரு இரைச்சல், எனக்கே கேட்டது.

"வந்துட்டாங்க" என்றாள். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்பதுபோல.

அதற்குப் பிறகு அவர்கள் அந்த வீட்டில் ஆட்களாகவே ஆகிவிட்டார்கள். 'உள்ள இருக்கவங்க' என்றுதான் சொல்வாள். மேலநீலிதநல்லூர் பக்கம் வாங்கிய சோளத்தட்டை தீர்ந்து, மழைக்குப் பிறகு வாசுதேவநல்லூர்ப் பச்சைப்புல் வந்தால், முதல் நாள் தட்டையோடு ஒரு பிடி பச்சை. மறுநாள் கொஞ்சம் கூட. "உள்ள இருக்கவங்களுக்கு இது புதுசுல்லா. மொகம் பாத்துப் பழகட்டும்." குதிரை பச்சைப்புல்லைப் பார்த்துக் கனைக்கும். "ஒனக்கு என்னட்டி, நாக்குக்குத்தான் அவசரம்" என்பாள்.

ராயகிரிப் பயத்தில் அவள் ஒன்று செய்தாள். வேறு யார் கையாலும் எதையும் தின்னாதபடி குதிரையைப் பழக்கினாள். அது நன்றாகப் பழகிவிட்டது. எவ்வளவு நன்றாக என்பது, ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு அவள் சாயங்காலம் திரும்பிய அன்றுதான் தெரிந்தது. காலையில் நான் வைத்த தட்டை வைத்தபடியே கிடந்தது. குதிரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அதன் முன்னால் நின்று கெஞ்சியதை என் மனைவி பார்த்திருக்கிறாள். "என்கிட்ட ஒரு நாள் இப்பிடிக் கெஞ்சிருப்பீரா" என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

மதினி சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணுன்னா இது தின்னாதுய்யா" என்றாள். "இது தின்னலன்னா உள்ள இருக்கவங்க பட்டினி. அவங்க போயிட்டா இதுவும் போயிரும்."

எதையும் மொத்தமாகக் கொடுக்கக் கூடாது என்பது டாக்டர் சொல்லி வந்த குணம் என்று நினைத்துவிடக் கூடாது. அது அவளுக்கு முன்பே உண்டு. அண்ணன் விபத்தில் போன அன்று நான் ஒரு பந்தல் வேலையாக வாசுதேவநல்லூரில் இருந்தேன். மதினி போன் செய்தாள். "அண்ணன் வண்டி கொஞ்சம் இடிச்சிட்டாம். கெளம்பி வாங்க." பஸ் ஏறினேன். கொஞ்ச தூரம் வந்ததும் மறுபடி போன். "கண்ணாடி ஒடஞ்சிட்டு. கையில அடி." புளியங்குடியில் பஸ் நின்றபோது, "தலையிலயும் பட்டிருக்கும்போல. பக்கத்துல யாராச்சும் தெரிஞ்சவுக இருக்காவளா? தண்ணி வாங்கிக் குடிங்க." ஊர் எல்லை வருகையில் நான் அழ ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் கடைசிப் போன். "ஆமாய்யா" என்றாள். அவ்வளவுதான். முதல் போன் பண்ணும்போதே அவளுக்கு எல்லாம் தெரியும். தாலி போன பெண் அங்கே உட்கார்ந்துகொண்டு, ஒரு பயந்தாங்கொள்ளி பஸ்ஸில் மயங்கி விழாமல் ஊர் வந்து சேரப் பிடி பிடியாக அளந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னபோதும் அப்படித்தான். நான் அன்றைக்கே சொத்து விவரங்களை என் மனைவியிடம் சொல்லத் தொடங்கினேன். "இருக்கதே பழைய சேரு, அதுக்கு இம்புட்டு வெவரமா" என்று அவள் எழுந்து போய்விட்டாள். காலை டீ எனக்கு எப்போதும் மதினி வீட்டில்தான். சீனி இல்லாத டீயைக் குடிப்பதைவிடச் சாவது மேல் என்று அறிவித்தேன். "சரி, சீனி போட்டே தாரேன்" என்றாள். போட்டுத்தான் தந்தாள். நல்லாவே இருந்தது. பல மாதம் கழித்து ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கி ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டேன்.

"என்ன வே, பாயசத்த ஊத்திக் குடுத்திருக்கீரு?"

"எப்பவும் போடுத சீனிதான அண்ணாச்சி" என்றார் டீக்கடைக்காரர்.

மதினியிடம் போய்க் கேட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் டம்ளரில் சீனி நின்று எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அதனால்தான், "வயித்துல கொஞ்சம் வாயுய்யா" என்று அவள் முதல்முதலாகச் சொன்ன அன்று நான் கடைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இது முதல் பிடி என்று தெரிந்துவிட்டது. எந்தச் சேதியும் அவளிடமிருந்து இப்படித்தான் வரும்.

கொஞ்ச நாளில், "ஸ்கேன் எடுக்கச் சொல்லுதாவ." அப்புறம், "சின்னதா ஒரு கட்டி இருக்காம்." திருநெல்வேலிக்கு அழைத்துப் போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "வெட்டி எடுக்க முடியாத எடமாம்" என்றாள், நெல்லிக்காய் விலை சொல்வதுபோல. நான் ஒவ்வொரு பிடிக்கும் அலறினேன். அடுத்த பிடி வருவதற்குள் முந்தின பிடி எப்படியோ உள்ளே இறங்கியிருந்தது.

ஒரு நாள் காலை, டீ குடித்துக்கொண்டிருக்கையில் சொன்னாள். "நாளையிலருந்து ஒரு பிடி தட்டைய நீங்க போடுங்க. மிச்சத்த நான் போட்டுக்கிடுதேன்."

"என்னத்துக்கு மதினி இந்த ட்ரெய்னிங்கு? எங்கயும் வெளியூரு போறியளா?"

"ஆமா. போணும்லா."

நான் கேலியாகத்தான் கேட்டேன். அவளும் கேலியாகத்தான் சொன்னாள். இரண்டு பேரும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

முதல் நாள் குதிரை என் கையை மோந்து பார்த்துவிட்டு மூக்கால் ஊதியது. தட்டை என் முகத்தில் பறந்தது. மதினி உள்ளே போய்த் தன் பழைய சேலை ஒன்றை எடுத்து வந்து என் தோளில் சுற்றிவிட்டாள். "என் வாடை இருக்கும். இப்பப் போடுங்க." குதிரை சேலையை மோந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, ஒரு பிடியைத் தின்றது. தெருவில் போனவர்களுக்கு என்ன சொல்ல? நரைத்த மீசையோடு, கத்தரிப்பூக் கலர் சேலையோடு நான். "அடுத்து கொசுவம் வச்சுக் கட்டிவிடச் சொல்லும்" என்றாள் என் மனைவி.

மறுவாரம் சேலையைப் பாதியாக மடித்தாள். அப்புறம் அதிலிருந்து ஒரு துண்டு கிழித்தாள். அப்புறம் அது கைக்குட்டையாகி என் சட்டைப் பைக்குள் போனது. என் பிடிகள் கூடக்கூட அவள் பிடிகள் குறைந்தன. நிற்க முடியாமல் ஆனபோது குதிரைக்குப் பக்கத்தில் ஒரு சேர் போட்டு உட்கார்ந்துகொண்டாள். என் கடைச் சேர்தான். அப்புறம் அந்தச் சேரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தச் சொன்னாள். வாசல் வரைக்கும். வாசலுக்கு உள்ளே. கடைசியில் ஜன்னல் வழியாக 'ஏட்டி' என்று ஒரு குரல் மட்டும். அதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினாள். நடுவில் உள்ள நாளில் நான் கூப்பிட வேண்டும். எனக்கு அந்தச் சொல் நாக்கில் ஏறவே இல்லை. "ராணின்னே கூப்பிடுதேனே மதினி." "அது அவளோட ஆபீஸ் பேருய்யா. வீட்டுப் பேரச் சொல்லுங்க."

சேர் வாசலில் இருந்த நாட்களில் ஒன்று. நான் குதிரையின் வயிற்றில் காது வைத்துக்கொண்டிருந்தேன். அதையும் கற்றுக் கொடுத்திருந்தாள்.

"கேக்கா?"

"கேக்கு மதினி. பைப் தொறந்த மாதிரி."

"எனக்குள்ள என்ன கேக்குன்னு ஒரு நாளாச்சும் கேக்கணும்னு ஆச" என்று சிரித்தாள். "கழுத்து அம்புட்டுத் தூரம் வளைய மாட்டங்கு."

"டாக்டரு கொழாய வச்சுக் கேட்டாருல்லா?"

"கேட்டாரு. என்ன கேட்டுதுன்னு சொல்லலையே."

ஒரு குதிரையின் வயிற்றுக்குள் இருந்த கோடிப் பேருடைய சௌக்கியத்தை விசாரித்தவள். அவளுடைய வயிற்றில் காதை வைத்து ஒரு வார்த்தை சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை. எனக்குக் குதிரையை விட்டுவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்போல இருந்தது. கொழுந்தன் அதற்குமேல் என்ன செய்துவிட முடியும்? அதனால் அந்தக் குதிரையின் வயிற்றிலேயே முகத்தை வைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லாக் கேக்கு மதினி" என்று மறுபடியும் சொன்னேன்.

அவள் போன அன்று காலையில் என் பந்தலை என் ஆட்களே போட்டார்கள். என் சேர்களில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்தார்கள். சங்கு ஊதினார்கள், முன்வாசலில் வெடி போட்டார்கள், பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்குப் பின்வாசல் நினைப்புதான். இன்றைக்கு அது தின்னாது. சுவரைப் பார்த்து நிற்கும். உள்ளே இருப்பவர்கள் பட்டினி. நாளைக்குச் சத்தம் நிற்கும், மறுபடியும் ஐஸ், மறுபடியும் டாக்டர், பார்த்துச் சொல்ல இந்த முறை மதினி கிடையாது. பதற்றத்தில் அவளுடைய பெட்டியைத் திறந்து ஒரு முழுச் சேலையை உருவித் தோளில் சுற்றிக்கொண்டேன். முதல் நாள் பாடத்துக்கே திரும்பிவிட்டேன். தட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஏட்டி" என்றேன். குரல் கிழிந்து வந்தது.

குதிரை திரும்பிப் பார்த்தது. சேலையை மோந்து பார்க்கவில்லை. வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. வெடிச்சத்தம் அதற்குக் கல்யாணச் சத்தம், பழகினதுதான். என் கையிலிருந்து தட்டையை வாங்கி, எல்லா நாளும் போல, நறநறவென்று மென்று தின்றது. அடுத்த பிடிக்கு என் சட்டையைப் பல்லால் இழுத்தது.

வலது பக்கம் போய்க் காதை வைத்தேன். இரைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு குறையும் இல்லை. கோடிப் பேரும் வேலையாக இருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் போய்விட்டது அவர்களுக்குத் தெரியவில்லை. குதிரைக்கும் தெரியவில்லை. தெரியாதபடி அவள் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டிருந்தாள், என் டீயிலிருந்து சீனியை எடுத்தது போல.

எனக்கு மட்டும் எல்லாம் மொத்தமாக வந்து இறங்கியது. சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அந்த வெள்ளை வயிற்றில் சாய்ந்து நின்றேன். என்னைத் தேடி வந்த என் மனைவி ஒன்றும் கேலி பேசவில்லை. என் தோளிலிருந்து சேலையை எடுத்து மடித்து, அதை மாரோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். "தின்னுட்டா?" என்று கேட்டாள். "தின்னுட்டு" என்றேன்.

சாயங்காலம் சுடலையில் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். வரிசையாகப் போனோம். முன்னால் போனவர்கள் கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டார்கள். என் முறை வந்தது. நானும் ஒரு பிடி அள்ளினேன். மதினியின் முகத்தைப் பார்த்தேன். பிறகு கையிலிருந்ததை முறத்திலேயே உதறிவிட்டு, விரல் நுனியில் ஒட்டிய நாலைந்து அரிசியை மட்டும் அவள் உதட்டோரம் வைத்தேன்.

"என்ன வே இது? நல்லா அள்ளிப் போடும்" என்றார் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "மொத்தமாப் போட்டா தாங்காது."